வெற்றிக்குப் பாகப் பிரிவினை

ஒரு கூட்டுக் குடும்பம் இருபது வருஷம் ஒற்றுமையாக வாழ்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அடுப்பு, ஒரே பந்தி, ஊரெல்லாம் மெச்சும்படியான வாழ்வு. இருபத்தோராம் வருஷம் பாகப் பிரிவினை ஆகிவிடுகிறது. மறுநாளே நீங்கள் போய், "உங்கள் குடும்பத்தின் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? இருபது வருஷம் சேர்ந்து உண்ட சாப்பாட்டைப் பற்றியா? ஒரு நாளும் இல்லை! வெள்ளிக் கூஜா யார் கைக்குப் போயிற்று, கிணற்றடியில் குறுக்குச் சுவர் எழுப்பியது யார், முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது யார் என்பதைத்தான் விஸ்தாரமாகச் சொல்வார்கள். கேட்டுவிட்டு வாசலுக்கு வரும்போது, "இவர்கள் ஒரு நாளாவது சந்தோஷமாக இருந்திருப்பார்களா?" என்ற சந்தேகம் உங்களுக்கு வந்துவிடும்.

எனக்கும் அப்படி ஒரு சந்தேகத்தை உண்டாக்கப் பார்த்தது ஒரு படம். கதைப் படம் அல்ல, ஆவணப்படம். 2024-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ஆந் தேதி ஆப்பிள் டி.வி.யில் ஆரம்பித்து, வாரத்துக்கு இரண்டாகப் பத்துப் பாகம் வெளிவந்தது. 'தி டைனஸ்டி' என்று பெயர். அதாவது 'ராஜ வம்சம்'. ஜெஃப் பெனடிக்ட் என்பவர் 2020-இல் எழுதிய புத்தகத்தை ஆதாரமாகக் கொண்டு மாத்யூ ஹாமசெக் இயக்கியது. எந்த ராஜ வம்சம் என்கிறீர்களா? நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்துக் குழுதான். 2002 முதல் 2019 வரையில் ஒன்பது தடவை இறுதிப் போட்டிக்குப் போய், ஆறு தடவை கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த குழு. அந்த நாட்டில் இப்படி வருஷக்கணக்காக ஜெயிக்கிறவர்களைத்தான் ராஜ வம்சம் என்கிறார்கள்.

இந்த ஆட்டத்தைப் பற்றி நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர்தான் கால்பந்து, பந்தைப் பெரும்பாலும் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். பந்தும் உருண்டையல்ல, தேங்காயை இரண்டு பக்கமும் கூராகச் சீவினாற்போல் இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். நாலு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி. எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. தாண்ட முடியாமல் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் மூன்று புள்ளி. பந்தை வாங்கி, யாரிடம் எறிவது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்கிறவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். குழுவின் மூளை அவர்தான். வருஷக் கடைசி இறுதிப் போட்டிக்கு சூப்பர் பௌல் என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் போதும். இதைவிட அதிகம் தெரியாமலே நான் நாலு வருஷம் கைதட்டியிருக்கிறேன்.

உத்தியோக நிமித்தம் 1996-இல் நான் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் குடியேறினேன். அடுத்த வீட்டில் ஒரு கிழவர் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்த குருநாதர் அவர்தான். பேட்ரியட்ஸ் குழு 1960-இல் முதல் ஆட்டம் ஆடியதிலிருந்து அதை விடாப்பிடியாகப் பின்பற்றியவர். "ஜெயிக்கிற கட்சிக்குக் கைதட்ட யாராலும் முடியும், தம்பி. தோற்கிற கட்சிக்குக் கைதட்டத்தான் தெம்பு வேண்டும்" என்பார்.

அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. ஆரம்ப காலத்தில் சொந்த மைதானமே இல்லாமல் பல்கலைக்கழக மைதானம், பேஸ்பால் மைதானம் என்று பாஸ்டன் முழுவதும் வாடகைக் குடித்தனம் நடத்திய குழு இது. 1971-இல் ஒரு வழியாக ஃபாக்ஸ்பரோ என்ற சிற்றூரில் சொந்த மைதானம் கிடைத்தது. முதல் ஆட்டத்தன்றே அதன் கழிப்பறைகள் பொங்கி வழிந்தன! பிற்பாடு ஆட்களை நிறுத்தி, எல்லாக் கழிப்பறைகளிலும் ஒரே சமயத்தில் தண்ணீரை இழுத்துவிட்டுச் சோதித்தார்களாம். கிழவர் இதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். 1986 ஜனவரியில் முதல் முதலாக சூப்பர் பௌலுக்குப் போனார்கள். சிகாகோ குழுவிடம் 46-10 என்ற கணக்கில் உதை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். 1990-இல் பதினாறு ஆட்டத்தில் ஜெயித்தது ஒன்றே ஒன்று.

அப்புறம் ராபர்ட் கிராஃப்ட் வந்தார். 1971 முதல் வருஷச் சந்தா கட்டி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஆட்டம் பார்த்த மனிதர். குழுவை ஸெயின்ட் லூயிஸ் நகருக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நிலைமை வந்தபோது, மைதானத்தின் குத்தகை இவர் கையில் இருந்தது. அதை விட்டுக் கொடுத்தால் ஏழரைக் கோடி டாலர் தருவதாக ஆசை காட்டினார்கள். மறுத்துவிட்டு, 1994-இல் 17.2 கோடி டாலர் கொடுத்துக் குழுவையே வாங்கிவிட்டார். இந்த ஒரு காரியத்துக்காக எங்கள் கிழவர் அவரைத் தெய்வமாக மதித்தார்.

இந்தப் படத்தின் முதல் மூன்று பாகங்கள் இருக்கின்றனவே, பிரமாதம்! அவற்றைக் குறை சொல்கிறவன் ரசிகனே அல்ல. கிளீவ்லாண்டில் வேலை போன பில் பெலிசிக் என்ற பயிற்சியாளர், 2000 ஜனவரியில் நியூயார்க் ஜெட்ஸ் குழுவின் தலைமைப் பதவியை ஒரே நாளில் உதறிவிட்டு, பேட்ரியட்ஸுக்கு வந்து சேர்கிறார். அந்த வருஷமே புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, 199-ஆவது ஆளாக டாம் பிரேடி என்ற ஒல்லிப் பையன் வருகிறான். அவனுக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளை மற்றக் குழுக்கள் பொறுக்கிக்கொண்டு போயாகிவிட்டது. சந்தையில் கடைசியாகக் கிடந்த கத்தரிக்காய் மாதிரி. 2001 மார்ச்சில் பழைய குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்ஸோவுக்குப் பத்து வருஷத்துக்கு 10.3 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். செப்டம்பர் 23-ஆந் தேதி ஜெட்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் மோதியதில் பிளெட்ஸோவின் மார்புக்குள் ரத்தக் குழாய் அறுந்து, உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. பிரேடி உள்ளே வந்தார். வந்தவர் வெளியே போக இருபது வருஷம் ஆயிற்று.

2002 ஜனவரி 19-ஆந் தேதி இரவு, பழைய ஃபாக்ஸ்பரோ மைதானத்தில் கடைசியாக நடந்த ஆட்டத்தைப் படத்தில் மறுபடி பார்த்தேன். பஞ்சுப் பொதியை அவிழ்த்துக் கொட்டினாற்போல் பனி. ஓக்லாண்ட் குழு பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துவிட்டது. ஆட்டம் முடிந்தது என்று எல்லாரும் எழுந்துவிட்டோம். நடுவர், "எறியப் போன கை முன்னால் நகர்ந்துவிட்டது, ஆகையால் அது எறிதல்தான், பறிகொடுத்தது அல்ல" என்று விதியை எடுத்து வாசித்தார். அந்தப் பனியில் 45 கஜ தூரத்திலிருந்து ஆடம் வினாட்டியரி உதைத்தார் பாருங்கள்! பந்து தத்தளித்துக்கொண்டே போய்க் கம்பங்களைத் தாண்டியது. ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் மறுபடி ஓர் உதை, 16-13. "காலே படாத கால்பந்து" என்று அதுவரையில் கேலி செய்துகொண்டிருந்த என் மனைவி, அன்றிலிருந்து அந்தக் கேலியை விட்டுவிட்டாள்.

பிப்ரவரி 3-ஆந் தேதி சூப்பர் பௌல். எதிரி ஸெயின்ட் லூயிஸ் ராம்ஸ். 14 புள்ளி வித்தியாசத்தில் அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவராக ஓடி வந்து கைதட்டு வாங்குவதுதான் வழக்கம். ராம்ஸ் அப்படித்தான் வந்தார்கள். பேட்ரியட்ஸ் என்ன செய்தார்கள் தெரியுமா? "எங்களைத் தனித் தனியாக அழைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மொத்தக் குழுவும் ஒரே கூட்டமாக ஓடி வந்தது! அடுத்த வீட்டுக் கிழவர் என் வீட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "ஜெயித்தாயிற்று!" என்றார். ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மூன்றரை மணி நேரம் கழித்து வினாட்டியரியின் 48 கஜ உதை கம்பத்தைத் தாண்டிய அதே கணத்தில் நேரம் முடிந்தது. 20-17. நாற்பத்திரண்டு வருஷம் காத்திருந்த கிழவர் சத்தமே போடவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இதுவரைக்கும் படம் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான். தகராறு இதற்குப் பிறகுதான்.

அடுத்த இரண்டு வெற்றிகளும், சின்ன ஸ்டேஷனை மெயில் வண்டி தாண்டுகிற மாதிரி கடகடவென்று ஓடிப் போய்விட்டன. 2003-லிருந்து 2004 வரையில் தொடர்ந்து 21 ஆட்டம் ஜெயித்தார்களே, அது ஸ்வாரஸ்யமில்லாத விஷயமா? 2004 பிப்ரவரியில் கரோலினாவோடு நடந்த இறுதிப் போட்டியில், நாலே விநாடி மிச்சமிருக்கும்போது வினாட்டியரி மறுபடியும் உதைத்து 32-29 என்று முடித்தாரே, அது சாமானியமா? டிராய் பிரவுன் என்று ஒருவர். பந்து பிடிக்கிற வேலைக்கு வந்தவர். காவல் பக்கத்தில் ஆட்கள் காயப்பட்டுப் போனபோது, "அதையும் நான் பார்க்கிறேன்" என்று போய் நின்று, 2004-இல் எதிரியின் பந்தை மூன்று தடவை பறித்தார். நம் வீட்டுக் கல்யாணங்களில் பரிமாற ஆள் குறைந்தால் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிற மாமா ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரி மனிதர். டெடி புரூஸ்கி என்று இன்னொருவர். 2005 பிப்ரவரியில் மூன்றாவது கோப்பை வாங்கிய சில நாளிலேயே அவருக்கு மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. அக்டோபர் முடிவதற்குள் மைதானத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். ஒரு வம்சம் எப்படி வம்சமாக நின்றது என்று சொல்ல இவர்களைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு தடவை ஜெயிக்க அதிர்ஷ்டம் போதும். இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் ஜெயிக்கத்தான் குடும்பம் நடத்தத் தெரிய வேண்டும்.

படத்துக்கு அங்கே நிற்க நேரமில்லை. வழக்குகளுக்குப் போக அவசரம். 2007 செப்டம்பரில், எதிரிப் பயிற்சியாளர்களின் கைச் சைகைகளைக் காமிராவில் பிடித்ததற்காக பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலரும், குழுவுக்கு 2.5 லட்சம் டாலரும் அபராதம் விழுந்தது. 2015-இல் பந்தில் காற்றைக் குறைத்தார்கள் என்ற புகார். பிரேடி மறுத்தார், கோர்ட்டுக்குப் போனார், முடிவில் 2016-இல் நாலு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். நடுவில், ஆரன் ஹெர்னாண்டஸ் என்ற ஆட்டக்காரரைப் பற்றி ஒரு பாகம் முழுவதும்.

'ரசிகன் அல்லவா, குற்றங்களை மூடி மறைக்கச் சொல்கிறான்' என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அபராதம் கட்டியது வாஸ்தவம். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஹெர்னாண்டஸ் விஷயமோ விளையாட்டே அல்ல. 2013 ஜூனில் ஓடின் லாயிட் என்ற 27 வயது வாலிபர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக 2015 ஏப்ரலில் ஹெர்னாண்டஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2017-இல் சிறையிலேயே மாண்டான். ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கும்போது, 'எங்கள் கோப்பைக் கதையில் இதை ஏன் கலக்கிறீர்கள்?' என்று கேட்பவன் மனுஷனே அல்ல. ஆறு கோப்பையையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த உயிருக்கு ஈடாகாது. அந்தப் பாகம் இருக்க வேண்டியதுதான்.

என் குறை வேறு. கறைகளைக் காட்டியது தப்பே அல்ல. கறை பட்ட துணியைக் காட்டாமல் விட்டதுதான் குறை. துணி எவ்வளவு நீளம், என்ன நூல், யார் யார் நெய்தார்கள் என்று தெரிந்தால்தானே, கறை எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவர்களுக்கு விளங்கும்?

இதை எனக்குச் சுட்டிக் காட்டியது என் மகள்தான். அவள் 2004-இல் பிறந்தவள், காலேஜில் படிக்கிறாள். முதல் மூன்று வெற்றிகளும் அவளுக்குப் புராணம் மாதிரி, காதால் கேட்டதுதான். படத்தை என்னோடு உட்கார்ந்து கடைசிவரையில் பார்த்தாள். பத்தாம் பாகத்தில் பிரேடி களைத்துப் போகிறார். பெலிசிக் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். கிராஃப்ட் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார். படம் முடிந்ததும் மகள் கேட்டாள்:

"ஏன் அப்பா, இவர்களில் ஒருத்தருக்கு ஒருத்தர் பிடிக்கவே இல்லையா? அப்புறம் எதற்காக நாம் இவர்களுக்காக அப்படிக் குதித்தோம்?"

நேயர்களே, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். இருபது வருஷச் சந்தோஷத்தைப் பத்துப் பாகத்தில் ஒரு படம் இந்தக் கேள்வியாகச் சுருக்கிவிடும் என்றால், அது சின்ன விஷயமா?

என் மனைவி தன் தீர்ப்பைச் சமையலறையிலிருந்தே சொல்லிவிட்டாள். "அந்தக் கடுமூஞ்சி வாத்தியார் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. மற்றவர்கள் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பேசத் தெரியாத மனுஷன் பக்கம் நியாயமே இருக்காதா என்ன?" என்றாள்.

அதில் விஷயம் இருக்கிறது. பெலிசிக் நிருபர்களிடமே முழு வாக்கியம் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். காமிராவின் கோர்ட்டில் மௌனம் சாதிப்பவனுக்கு எப்போதும் தோல்விதான். படத்தில் உள்ள அபூர்வமான காட்சிகள் பல, குழுவின் சொந்தப் பெட்டகத்திலிருந்து வந்தவை. பெட்டகச் சாவி வீட்டில் தங்கியவரிடம் இருக்கும், வெளியேறியவரிடம் இராது. பிரேடி 2020 மார்ச்சில் போனார். 2024 ஜனவரி 11-ஆந் தேதி, 24 பருவங்களுக்குப் பிறகு, பெலிசிக்கும் போனார். 36-ஆம் நாள் படம் வந்தது. படம் பல நாள் முன்பே எடுத்ததுதான். ஆனாலும், பத்திரம் பதிவாகி மை காய்வதற்குள் குடும்ப சரித்திரம் வெளியானது போல் ஆகிவிட்டது. படத்தில் பேட்டி கொடுத்த டெவின் மெக்கோர்ட்டி, ராட்னி ஹாரிஸன் முதலிய பழைய ஆட்டக்காரர்களே, பயிற்சியாளரைப் பற்றித் தாங்கள் சொன்ன நல்ல வார்த்தைகள் படத்தில் சரியாக இடம்பெறவில்லை என்று பகிரங்கமாக வருத்தப்பட்டார்கள். கிராஃப்டும் 2024 மார்ச்சில் நிருபர்களிடம், ஆட்டக்காரர்கள் மனம் வருந்தியது தமக்கும் வருத்தமே என்று சொன்னார். ஆக, வாதிக்கும் திருப்தியில்லை, பிரதிவாதிக்கும் திருப்தியில்லை, சாட்சிகளுக்கும் திருப்தியில்லை!

படம் முழுவதும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வெற்றி யாருடையது? பிரேடியுடையதா, பெலிசிக்குடையதா? அமெரிக்காவில் தெருமுனைக் கடைகளில்கூட இந்த வழக்கு நடக்கிறது. 'பிரேடி டாம்பா பே குழுவுக்குப் போன முதல் பருவத்திலேயே, 2021 பிப்ரவரியில், ஏழாவது கோப்பை வாங்கிவிட்டார். பெலிசிக்கோ அவர் இல்லாமல் அங்கே இருந்த நாலு பருவத்தில் நாக்-அவுட் ஆட்டம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஆகையால் எல்லாம் பிரேடிதான்' என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் என் மகளுக்கு ஒரே ஒரு விநாடியைத்தான் உதாரணம் காட்டினேன்.

2015 பிப்ரவரி 1. எதிரி ஸியாட்டில். நாலு புள்ளி முன்னால் இருக்கிறோம். ஆனால் எல்லைக் கோட்டுக்கு ஒரே ஒரு கஜத்தில் எதிரி நிற்கிறான். இன்னும் அரை நிமிஷத்துக்கும் குறைவு. ஸியாட்டில் பந்தை எறிந்தது. எங்கிருந்தோ பாய்ந்து அதைப் பறித்தார் மால்கம் பட்லர். யார் இந்த பட்லர்? எந்தக் குழுவும் தேர்ந்தெடுக்காமல் விட்ட ஆள். ஒரு காலத்தில் கோழி வறுவல் கடையில் வேலை பார்த்தவர். அந்த வாரப் பயிற்சியில் இதே மாதிரி எறிதலை ஆடிக் காட்டியபோது பட்லர் ஏமாந்து போயிருந்தார். 'இங்கே நீ முன்னாலேயே போய் நிற்க வேண்டும்' என்று பெலிசிக் சொல்லிக் கொடுத்தார். பயிற்சியில் ஸியாட்டில் வேஷம் போட்டு அந்தப் பந்தை எறிந்தவர், அன்று மைதானத்தில் இறங்காத மாற்று ஆட்டக்காரர். ஆட்டத்தில் 28 புள்ளி வரையில் கொண்டு வந்து வைத்தவர் பிரேடி. இப்போது சொல்லுங்கள்: அந்த ஒரு விநாடியைப் பாகம் போட முடியுமா? எத்தனை அணா யாருக்கு?

2017 பிப்ரவரியில் அட்லாண்டாவிடம் 28-3 என்று பின்தங்கிவிட்டு, 34-28 என்று ஜெயித்ததும் இப்படித்தான். பிரேடி எறிந்தார், நிஜம். ஜேம்ஸ் ஒயிட் பதினாலு தடவை பிடித்தார். டாண்டா ஹைடவர் சரியான சமயத்தில் எதிரியின் கையிலிருந்து பந்தை உதறி விழச் செய்தார். தரைக்கு ஓர் அங்குலம் மேலே, மூன்று பேர் கால்களுக்கு நடுவில், ஜூலியன் எடல்மன் பந்தைப் பிடித்தார். இதில் எந்த ஒன்று தவறினாலும் கோப்பை இல்லை. சாம்பாரில் உப்பு எத்தனை பங்கு, புளி எத்தனை பங்கு என்று விசாரணை வைக்கலாம். ஆனால் சாம்பாரைத் திரும்பப் பிரித்து வைக்க முடியாது.

'பிடிக்கவே இல்லையா?' என்று மகள் கேட்டாளே, அதற்கும் பதில் இருக்கிறது. பிடித்த நாளும் இருந்திருக்கும், பிடிக்காத நாளும் இருந்திருக்கும். இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்களுக்கு இது புதிதா? பிடித்ததனால் மட்டும் சேர்ந்து உழைப்பது சுலபம். மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டே, விடியற்காலையில் எழுந்து, பனியிலும் மழையிலும் ஒருவர் வேலையை ஒருவர் நம்பி நின்றார்களே, அதுதான் அதிசயம். 2019-இல் ஆறாவது கோப்பையை 13-3 என்று வாங்கியபோது அவர்களுக்குள் பேச்சு வார்த்தை எப்படி இருந்ததோ, அது அவர்கள் பாடு. பந்து சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அது எங்கள் பாடு. நாங்கள் குதித்தது அதற்காக.

அடுத்த வீட்டுக் கிழவர் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. 2012-ஆம் வருஷக் கோடையில் காலமாகிவிட்டார். நாலாவது கோப்பையை அவர் காணவில்லை. ஐந்தாவதும் ஆறாவதும் தெரியாது. அவருக்குக் கிடைத்தது மூன்றே மூன்றுதான். அந்த மூன்றில் இரண்டைத்தான் படம் அவசரமாகத் தாண்டிக்கொண்டு போய்விட்டது! எனக்கு ஏன் ஆற்றாமை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பிரேடிக்குச் சிலை வைத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் மைதான வாசலில் திறந்தார்கள். பெலிசிக்கின் பெயரைச் சரித்திரம் பார்த்துக்கொள்ளும். கிராஃப்டுக்குப் பெட்டகம் இருக்கிறது. கழிப்பறை பொங்கிய நாளிலிருந்து கைதட்டிய பஸ் டிரைவருக்கு என்ன இருக்கிறது? அந்த வெற்றி நாட்கள்தான் இருக்கின்றன. வழக்குக் கட்டில் அவற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அவர் பாகம் எங்கே?

நீங்கள் இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தாராளமாகப் பாருங்கள். முதல் மூன்று பாகங்களை இரண்டு தடவை பாருங்கள். ஹெர்னாண்டஸ் பாகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். மிச்சத்தைப் பார்க்கும்போது மட்டும், 'இது பத்திரம் பதிவான மறுநாள் எடுத்த வாக்குமூலம்' என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு நான் வேறு வைத்தியம் செய்துகொண்டிருக்கிறேன். படத்தை விட்டுவிட்டு ஆட்டங்களையே முழுசாகப் போட்டுப் பார்க்கிறோம். விளக்கவுரை கிடையாது, பேட்டி கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை 2004 பிப்ரவரி ஆட்டம். கடைசி உதைக்கு வினாட்டியரி அடி அளந்து பின்னால் போய் நின்றார். முடிவு இருபது வருஷம் முன்பே தெரிந்த ஆட்டம்தான். ஆனாலும் அவள் சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டாள். பந்து கம்பத்தைத் தாண்டியதும் ஒரு குதி குதித்தாள் பாருங்கள்! சமையலறையிலிருந்து அவள் அம்மா ஓடி வந்து, "என்ன, யார் ஜெயித்தது?" என்றாள்.

"நாமதான் அம்மா!" என்றாள் மகள்.